சாக்கு மேல ஒரு பேரு

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை சக்குபள்ளத்துல இருந்து அப்பா போன் பண்ணினார்.

"தம்பி, நீ வரைஞ்ச வீடு குமுளி ரோட்டுல ப்ளெக்ஸ்ல நிக்குது. கீழ வேற எவன் பேரோ போட்டிருக்கான்."

படத்தை வாட்ஸ்அப்ல பார்த்ததும் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஷார்ஜாவுல நானும் ரெண்டு நண்பர்களும் கட்டடங்களுக்கு 3டி படம் செய்யிற சின்ன கம்பெனி நடத்துறோம். ஊர் நண்பன் ஒருத்தன் வீடு கட்டணும்னு கேட்டதால, ராத்திரி கண்ணு முழிச்சு மூணு படம் செஞ்சு அனுப்பியிருந்தேன். சரிஞ்ச ஓடு, பின்னாடி ஏலத்தோட்டம், மலையில மஞ்சு. எங்க லோகோவைப் போடல. நம்ம ஊர்ப் பையனுக்குப் போய் லோகோவான்னு ஒரு கூச்சம். அந்தப் படம் போன் போனா மாறி ப்ளெக்ஸ் வரைக்கும் போயிருக்கு.

படம் திருடு போனது கூடப் பரவாயில்ல. எங்க பெரியம்மா மகன் அந்த ப்ளெக்ஸைப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுத்து, அஸ்திவாரமும் போட்டுட்டார். அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஆள்கிட்ட இருந்தது படம் மட்டும்தான். பிளான் இல்ல, கம்பிக் கணக்கு இல்ல. மாடிப்படி எங்க வருதுன்னு கேட்டா பதில் இல்ல. மலைச்சரிவுல, அந்த மழையில, படத்தைப் பார்த்து வீடு கட்ட முடியுமா?

"உன் படம்னு தெரிஞ்சிருந்தா உனக்கு ஒரு போன் போட்டிருப்பேனேடா"ன்னார் அண்ணன். அந்த வார்த்தை இன்னும் குத்துது.

அன்னைல இருந்து லோகோ இல்லாம எந்தப் படமும் வெளிய போறதில்ல. அதைப் போடுறதுலயும் நான் நிறைய சொதப்பியிருக்கேன் :-)

முதல் தடவை ஜேபெக் லோகோவை எடுத்து சாயங்கால வானத்துல ஒட்டினேன். செவந்த வானத்துக்கு நடுவுல பிளாஸ்திரி போட்ட மாதிரி வெள்ளைப் பொட்டி! ஜேபெக்ல ஒளி ஊடுருவுற இடம்னு ஒண்ணைச் சொல்லவே வழி கிடையாது. பிஎன்ஜில உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோட ஆல்ஃபான்னு நாலாவது எண் ஒண்ணு. 0ன்னா பின்னாடி இருக்கிறது முழுசாத் தெரியும், 255ன்னா முழுசா மறைக்கும். 1970கள் கடைசியில எட் காட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் கண்டுபிடிச்ச சங்கதி இது. பிஎன்ஜி 1996ல வந்தது.

இப்ப நான் செய்யிறது இதுதான். லோகோவைத் தனி லேயர்ல வச்சு, பின்னணியை எடுத்துட்டு, பிஎன்ஜியா சேமிக்கிறேன். வெள்ளைப் பின்னணியில இருந்து வெட்டின லோகோன்னா ஓரத்துல மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு ஒட்டிக்கிட்டு வரும். ராத்திரிக் காட்சியில அது பல்லிளிக்கும். போட்டோஷாப்ல மேட்டிங் பக்கம் போய் அதை எடுக்கணும். பகல் படத்துக்குக் கருப்பு லோகோ, ராத்திரிப் படத்துக்கு வெள்ளை லோகோன்னு ரெண்டும் கையில இருக்கும். அடர்த்தி 30, 40 சதவீதம் போதும்.

வானத்து மூலையில வச்சா கத்தரிச்சுடுவாங்க. அதனால சுவரும் தோட்டமும் சேர்ற இடத்துல, வீட்டு மேல லேசாப் படுற மாதிரி வைக்கிறேன். எல்லா வேலையும் முடிஞ்சு கடைசியிலதான் லோகோ. அது இல்லாத மூலப்படம் பத்திரமா எங்ககிட்டயே இருக்கும்.

இன்னொரு விஷயம். ஒரே லோகோவை ஒரே மாதிரி நூறு படத்துல போட்டா, கம்ப்யூட்டர் அதைக் கத்துக்கிட்டுத் தானாவே அழிச்சிடும்னு 2017லயே கூகுள் ஆராய்ச்சியாளர்கள் செஞ்சு காட்டிட்டாங்க. படத்துக்குப் படம் லோகோவோட உருவத்தைத் துளி வளைச்சா அழிக்கிறது கஷ்டம்னும் சொன்னாங்க. இப்ப ஏஐ வந்ததும் ஒத்தப் படத்துலயே அழிச்சுடறாங்க. அதனால லோகோ பூட்டு இல்ல, வீட்டு வாசல்ல மாட்டுற பேர்ப்பலகை. எடுக்கிறவன் எடுப்பான். ஆனா நல்லவங்களுக்கு யார்கிட்ட கேக்கணும்னு தெரியும்.

லீவுல ஊருக்குப் போனப்ப அப்பாகிட்ட இந்த ஆல்ஃபாவைப் பத்தி விளக்கிட்டிருந்தேன். ஏலக்காய் ஸ்டோர்ல பல வருஷம் மூட்டை கட்டினவர். உள்ள போய் துருப்பிடிச்ச ஒரு தகரத்தைக் கொண்டு வந்தார். எழுத்து வெட்டின தகரம். அதைச் சாக்கு மேல வச்சு மை தடவினா, ஓட்டை இருக்கிற இடத்துல மட்டும் மை இறங்கும், மத்த இடமெல்லாம் சாக்கு சாக்காவே இருக்கும்.

"இதத்தானப்பா சொல்ற?"

அதேதான். நான் பத்து நிமிஷம் பேசினதை அவர் ஒரு தகரத்துல முடிச்சுட்டார்.

"பேரு பெருமைக்குப் போடுறதில்ல தம்பி. காயில பூஞ்சை புடிச்சிருந்தா யாரைக் கேக்குறதுன்னு தெரியணும்ல."

அண்ணன் வீட்டுக்கு முறையான பிளான் போட்டு, உள்ளூர் இன்ஜினியர் ஒருத்தர் கம்பிக் கணக்கும் பார்த்துட்டார். அஸ்திவாரத்துல ஒரு பக்கத்தை இடிச்சுத்தான் திருத்த முடிஞ்சுது. அந்தச் செலவுல பாதி நான் கொடுத்தேன். அவர் வேணாம்னார். நான் கேக்கல.