குளிரில் வியர்த்த நெற்றி

நெஞ்சம், உள்ளம், அகம் எனச் சொல்லுக்குச் சொல் நுட்ப வேறுபாடு காட்டி முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியவர்கள் யாம். திருக்குறளின் ‘நெஞ்சொடு கிளத்தல்’ அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறோம். ‘கல்பு’ என்னும் அரபுச் சொல்லைத் தமிழ் நெஞ்சத்தோடு ஒப்பிட்டு மீலாது மேடைகளில் முழங்கியதும் உண்டு. ஆயினும், அந்நெஞ்சுக்குள் ஒரு சுவர் உண்டென்பதையும், அச்சுவரில் துளையோடு பிறக்கும் குழந்தைகள் உண்டென்பதையும் இத்தலாரில்தான் அறிந்தோம். அறிந்த விதமும் பெருமைக்குரியதன்று. எம் பிழையொன்றின் வழியாகவே அறிந்தோம்.

உதகையிலிருந்து முத்தோரை பாலாடா வழியே எமரால்டு செல்லும் சாலையில் இருக்கிறது இத்தலார். சரிவெங்கும் தேயிலை, தாழ்ந்த நிலங்களில் காரட்டும் உருளைக்கிழங்கும். படுகர் இன மக்கள் வாழும் ஊர். எம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அவ்வூரினர். சிறு தேயிலை விவசாயி. 2017 சனவரியில், ஹெத்தையம்மன் திருவிழா முடிந்த சில நாள்களில், அவர் அழைப்பை ஏற்றுச் சென்றிருந்தோம். காலை வேளை. புல்லின்மேல் உறைபனி உப்புப் போலப் படிந்து கிடந்தது. இரு கம்பளிகளைப் போர்த்தியும் எம் பற்கள் தந்தியடித்தன.

அப்போது மாணவரின் தாயார், ஐந்து மாதப் பேத்தியை உள்ளறையிலிருந்து ஏந்தி வந்தார். பால் குடித்து வந்த குழந்தை. அதன் நெற்றி முழுவதும் வியர்வை முத்துகள்! விலா எலும்புகளின் கீழ்த் தோல் உள்வாங்க உள்வாங்க, ஓடிக் களைத்தாற்போல் மூச்சிரைத்தது. “இரண்டு வாய் குடிப்பதற்குள் இளைத்துவிடுகிறது, ஐயா, குடிக்கும்போதெல்லாம் வியர்க்கிறது” என்றார் மாணவர்.

யாம் என்ன சொன்னோம்? “மலைக்குளிரில் நெஞ்சில் சளி கட்டியிருக்கும். துளசிச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுங்கள்” என்றோம். கேளாமலே மருத்துவம் சொல்வது ஆசிரியர்க்கு இயல்பாகிவிட்ட நோய். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனே ஆகாது என்பதும் பிறகே தெரிந்தது. ஆசிரியர் சொல்லை மாணவர் தட்டவில்லை. அவ்வாறு கழிந்த நாள்கள் இருபத்திரண்டு.

தட்டியவர், பள்ளிப் படியேறாத அப்பாட்டியார். அவருக்கு 1972இல் பிறந்த மூத்த மகள் ஒருத்தி இருந்தாள். கைக்குழந்தையாய் இருக்கையில் அவளுக்கும் இதே வியர்வை, இதே இளைப்பு, மாதந்தவறாமல் நெஞ்சுச் சளி. பின்னர்ச் சளி குறைந்தது. தேறிவிட்டாள் என்றே வீட்டார் நம்பினர். பத்து வயதில் உதடும் நகமும் நீலம் பாய்ந்தன. குளிர் என்றார்கள். குளிரால் வரும் நீலம் விரலிலும் உதட்டிலும் நிற்பது. கணப்பருகே அமர்ந்தால் மறைவது. நாக்கே நீலமானால் அது குளிரன்று. அவள் நாக்கை யாரும் பார்க்கவில்லை. 1984இல் சமவெளியில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, “காலம் கடந்துவிட்டது, இனித் துளையை அடைத்தால் அதுவே உயிரைப் பறிக்கும்” என்று கைவிரித்தனர். 1991இல், பத்தொன்பது வயதில், அவள் மறைந்தாள்.

இருபத்திரண்டாம் நாள் பாட்டியார் எவரிடமும் கேளாமல் பேத்தியைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு உதகைக்குப் பேருந்து ஏறினார். அங்கே குழந்தை மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டபோது, இதய ஒலியோடு இரைச்சலொன்று சேர்ந்து ஒலித்தது. எடை நான்கு கிலோவுக்குச் சற்றே மேல். ஐந்து மாதத்தில் பிறந்த எடையைப் போல் இருமடங்கு ஆகியிருக்க வேண்டிய குழந்தை அது. கோவையில் எக்கோ எடுத்துப் பார்த்ததில், கீழறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் பெரிய துளை இருப்பது தெரிந்தது.

செய்தி கேட்டு யாம் கோவைக்கு விரைந்தோம். மருத்துவர் ஒரு தாளில் நான்கு அறை வீடு வரைந்து விளக்கினார். வலப்புற அறை நுரையீரலுக்குக் குருதியை அனுப்புவது. இடப்புற அறை உடல் முழுமைக்கும் அனுப்புவது. இடப்புறத்தில் அழுத்தம் மிகுதி. சுவரில் துளை இருப்பின், உடலுக்குச் செல்ல வேண்டிய குருதியில் ஒரு பகுதி வலப்புறம் பாய்ந்து மீண்டும் நுரையீரலுக்கே போகும். நுரையீரல் நனைந்த பஞ்சாகும். இதயம் இருமடங்கு உழைக்கும். பால் குடிப்பதே மலையேற்றம் போலாகும். வியர்வை அதனால் வந்தது. பல ஆண்டுகள் இவ்வாறு விட்டுவிட்டால் நுரையீரல் நாளங்கள் தடித்து இறுகி, அழுத்தம் தலைகீழாகி, கெட்ட குருதி உடலுக்குள் பாயும். ஐசன்மெங்கர் என்பார் பெயரால் மருத்துவர் வழங்கும் நிலை அது. அத்தையின் கதை எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அந்தச் சுவரைப் பார்த்தபோது எமக்கு இப்னு அந்நஃபீஸ் நினைவுக்கு வந்தார். திமிஷ்கு நகரத்து மருத்துவப் பள்ளியில் பயின்று கெய்ரோவில் பணியாற்றியவர், 1288இல் மறைந்தவர். கீழறைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன, அவற்றின் வழியே குருதி வலமிருந்து இடம் கசிகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை ஆயிரம் ஆண்டுகளாக எவரும் மறுக்கவில்லை. இப்னு சீனாவின் நூலுக்கு எழுதிய உரையில், 1242இல், அவர் அதை மறுத்தார்: சுவர் திண்மையானது, அதில் வழியில்லை, குருதி நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்புறம் வரும். ஹார்வியின் நூல் வெளிவந்தது 1628இல். இப்னு அந்நஃபீஸின் கையெழுத்துப் படியோ 1924இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவர் கண்டெடுக்கும் வரை உறங்கிக் கிடந்தது. தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே வக்ஃபாக விட்டுச் சென்றவர் அவர். இதையெல்லாம் மேடையில் பலமுறை சொல்லிக் கைதட்டல் பெற்றிருக்கிறோம். திண்மையாக இருக்க வேண்டிய அச்சுவர் எம் கண்முன்னே ஒரு குழந்தைக்குத் துளைபட்டிருந்தபோது துளசியும் தேனும் சொன்னவர்களும் யாமே.

அத்துளையைத் திறந்த இதயத்தில் தைத்து அடைக்க மனிதர் துணிந்தது 1954இல்தான். மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் லில்லஹை என்னும் அறுவை மருத்துவர், மார்ச் 26ஆம் நாள், ஒரு தந்தையின் குருதி ஓட்டத்தோடு மகனின் குருதி ஓட்டத்தை இணைத்து, தந்தையின் இதயமே இருவருக்கும் துடிக்க, மகனின் இதயத்தைத் திறந்து தைத்தார். அக்குழந்தை பதினொரு நாள்களில் நுரையீரல் அழற்சியால் இறந்தது. பின்வந்த குழந்தைகள் பலர் பிழைத்தனர். 1960களின் தொடக்கத்திலேயே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை நிகழ்ந்துவிட்டது. இத்தலாரின் மூத்த மகள் பிறப்பதற்கு முன்பே வழி இருந்தது. அவ்வழியை அவ்வீட்டுக்குக் காட்ட எவரும் இல்லை.

சில வாரங்கள் மருந்தால் நுரையீரலின் சுமையைக் குறைத்து, 2017 மார்ச்சில் அறுவை. நான்கு கிலோக் குழந்தையின் உடலில் ஓடும் குருதி முந்நூற்றைம்பது மில்லிக்கும் குறைவு. இதயத்தை நிறுத்திவைக்கும் நேரத்தில் அதன் வேலையைச் செய்யும் இதய–நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே பிறர் குருதி வேண்டும். கோவையில் தொழில் செய்யும் எம் பழைய மாணவர் நால்வர், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து நேரே வந்து குருதி கொடுத்தனர். மார்பெலும்பைப் பிளந்து, உடலைக் குளிர்வித்து, பொட்டாசியம் கலந்த நீர்மத்தால் துடிப்பை நிறுத்தி, இதயத்தைச் சூழ்ந்த உறையிலிருந்தே ஒரு துண்டு வெட்டித் துளைமேல் வைத்துத் தைத்தார்கள். வெளியே மாணவர் எம் பக்கம் திரும்பவே இல்லை. யாமும் பேசவில்லை. பாட்டியார் மட்டும் எமக்கொரு தேநீர் வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

அறுவைச் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012 முதல் இப்பெயரில் வழங்குவது. ஆயின் காப்பீட்டு அட்டை தங்கும் அறைக்கும் பேருந்துக்கும் வாராது. பறிக்காமல் முற்றிப்போன கொழுந்துக்கும் வாராது. ஜமாஅத் நிதியில் கல்விக்கும் குமர்க் காரியங்களுக்கும் ஒதுக்குவது போல, மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும் ஒரு பகுதி ஒதுக்கலாகாதா என்று அன்று எண்ணினோம். பெரியோர் முன் இன்று வைக்கிறோம். ஆயிரம் குழந்தைகளில் எட்டோ ஒன்பதோ ஏதேனும் ஓர் இதயக் குறையோடு பிறக்கின்றன. அவற்றில் மதம் ஏது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது. வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எம் சுற்றத்திலும் இருந்தனர். கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு வரும் ருபெல்லா, பிள்ளையின் இதயத்தையும் கண்ணையும் செவியையும் பழுதாக்கவல்லது. இக்குழந்தைக்கு வந்தது அதனாலன்று. எனினும் அவ்வறை வாசலில் நின்றபின் அந்த வதந்திக்கு எம்மால் வாய்மூடி இருக்க இயலவில்லை. உறவில் சிலர் இன்றளவும் எம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

சென்ற ஆண்டு மீண்டும் இத்தலார் சென்றோம். அவள் இப்போது பள்ளி மாணவி. மார்பின் நடுவே மெல்லிய நீள்தழும்பு. ஆண்டுக்கொருமுறை கோவையில் எக்கோ. எம்மைக் கண்டதும் தேயிலைச் சரிவின் ஒற்றையடிப் பாதையில் மேல்நோக்கி ஓடிவந்து, மூச்சிரைக்க முற்றத்தில் நின்றாள். தந்தை சிரித்தார். பாட்டியார் எழுந்து, குனிந்து, அவள் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்; பிறகு முந்தானையால் துடைத்துவிட்டு, எமக்குத் தேநீர் வைக்க உள்ளே சென்றார்.