துடைக்கும் துணிக்கும் தூய்மை வேண்டும்



தூய்மையை ஈமானின் பாதி என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. உடல், உடை, தொழும் இடம் ஆகிய மூன்றும் தூய்மையாக இருந்தால்தான் தொழுகை நிறைவேறும் என்பதைச் சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதிவிடுகிறோம். ஆனால், அந்த இடத்தைத் துடைத்த துணி தூய்மையானதா என்ற கேள்வி நம் வீடுகளில் அரிதாகவே எழுகிறது.

கீழ்பென்னாத்தூரில் வாழும் எங்களுக்குப் புழுதி புதியதன்று. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே ஓடும் சாலையில் வண்டிகள் ஓய்வதில்லை. வேர்க்கடலைக் கொடியை உதறிக் காய வைக்கும் நாட்களில் காற்றே மண்ணாக வீசும். காலையில் துடைத்த சன்னலில் அஸர் நேரத்துக்குள் விரலால் பெயர் எழுதலாம். ஆகவே, இப்போது எல்லாக் கடைகளிலும் தொங்கும் மைக்ரோஃபைபர் துணி எங்கள் வீட்டிலும் இடம்பிடித்துவிட்டது. கைக்கு அடக்கமானது, சிறிதளவு தண்ணீர் போதும். ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், உளூ செய்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு இது பொருத்தமான கருவிதான்.

இத்துணியின் இயல்பை அறிந்தால் அதைப் பேணும் முறையும் தானே விளங்கும். ஒன்பதாயிரம் மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர் என்பது நூல் கணக்கு. மைக்ரோஃபைபர் இழை ஒரு டெனியருக்கும் குறைவானது. எங்கள் ஊரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் வழியில் ஏறக்குறையப் பாதித் தொலைவுக்கு அந்த ஒற்றை இழையை நீட்டினாலும் ஒரு கிராம் தேறாது. பெரும்பாலும் பாலியஸ்டருடன் சிறிது பாலியமைடு சேர்த்து நூற்கப்படும் இவ்விழைகள், நல்ல வகைத் துணிகளில் நுண்ணிய கூறுகளாகப் பிளக்கப்பட்டிருக்கும். பருத்தி நூல் தானே நீரை உறிஞ்சுகிறது. இத்துணியிலோ இழைகளுக்கு நடுவிலுள்ள இடுக்குகளே நீரையும் தூசியையும் எண்ணெய்ப் பசையையும் பற்றிக்கொள்கின்றன. இடுக்குகள் அடைந்துபோனால் துணி பயனற்றுவிடும்.

இங்குதான் மார்க்கச் சட்டம் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. வாள், கண்ணாடி போன்ற வழுவழுப்பான பொருள்களில் நஜீஸ் பட்டால், அதன் அடையாளம் நீங்கத் துடைப்பதே போதும் என்பது ஹனஃபி மத்ஹப். தண்ணீரால் கழுவியாக வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். எதைப் பின்பற்றினாலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடியை விட்டு நீங்கிய நஜீஸ் எங்கே போயிற்று? துணிக்குள் போயிற்று. அதே துணி அடுத்து முஸல்லா விரிக்கும் தரையையோ குர்ஆன் வைக்கும் ரெஹாலையோ தொடுமானால், நாம் செய்வது துப்புரவு அன்று. அசுத்தத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பதே ஆகும்.

எங்கள் நன்னிமா இதற்காக மூன்று ஆணிகள் அடித்திருந்தார்கள். பழைய வேட்டியைக் கிழித்த வெள்ளைத் துணி ஓர் ஆணியில். அது குர்ஆன் அலமாரிக்கும் தொழும் இடத்துக்கும் மட்டும். கைலித் துணி சமையலறைக்கு. மூன்றாவது, கொல்லைப்புறச் சுவரில் தனியே தொங்கும். குளியலறை, கழிப்பறைக்கு உரியது. பிள்ளைகள் யாரேனும் மாற்றி எடுத்தால் அன்று பிரசங்கம் கேட்கலாம். இன்று நிறம் நிறமாகக் கிடைக்கும் துணிகள் அந்த ஆணிகளின் வேலையை எளிதாக்கியுள்ளன. நீலம் தொழும் இடத்துக்கு, பச்சை சமையலறைக்கு, சிவப்பு கழிப்பறைக்கு என்று வகுத்துக்கொண்டால் எழுதப் படிக்கத் தெரியாத சிறு பிள்ளையும் தவறமாட்டான்.

துடைக்கும்போது துணியை இரண்டு முறை மடித்துக்கொண்டால், முன்னும் பின்னுமாக எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்ததற்கு மாற வேண்டும். மணல் சிக்கிய துணியால் கண்ணாடியையோ கைப்பேசித் திரையையோ தேய்த்தால் கீறல் விழும். முதலில் உதற வேண்டும்.

கழுவுவதிலும் கவனம் தேவை. நஜீஸ் பட்ட துணியை மற்றவற்றோடு ஒரே வாளியில் ஊறப் போடலாகாது. ஷாஃபிஈ சட்டப்படி, இரு குல்லத்துக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தாலே அத்தண்ணீர் முழுவதும் நஜீஸாகிவிடும். நஜீஸின் பொருளை அகற்றிவிட்டு, துணியின் மேல் தண்ணீரை ஊற்றி அலசுவதே பேணுதலானது. கண்ணுக்குத் தெரியாத நஜீஸாயின் மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் பிழிய வேண்டும் என்பது ஹனஃபி முறை. ஐயமிருப்போர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நலம்.

அதன்பின் சிறிது சோப்புத்தூள் போதும். மணத்துக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் கண்டிஷனர் இத்துணிக்குப் பகை; அது இழைகளின் மேல் படலமாகப் படிந்து இடுக்குகளை அடைத்துவிடும். பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் அவற்றின் பஞ்சு இதில் ஒட்டிக்கொள்ளும். ப்ளீச்சிங் பவுடர், கொதிநீர், இஸ்திரி மூன்றும் இழையைக் கெடுக்கும். சூடான அடுப்பருகே கொண்டு செல்லவும் கூடாது. உப்புத் தண்ணீரால் விறைத்துப்போன துணியை, சிறிது வினிகர் கலந்த நீரில் அலசினால் மீண்டும் நெகிழும். ஆனால் வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும். நிழலில், கொடியில் உலர்த்துங்கள்.

இது பிளாஸ்டிக் இழை என்பதையும் மறக்கலாகாது. ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிழைகள் நீரோடு கலந்து செல்கின்றன. ஆகவே பழைய பருத்தித் துணியால் ஆகும் வேலைக்கு அதையே பயன்படுத்துவோம். மலிவாகக் கிடைக்கிறதே என்று டஜன் கணக்கில் வாங்கி எறியாமல், உள்ளதை ஆண்டுக்கணக்கில் பேணுவோம். வீண்விரயமும் நமக்குத் தடுக்கப்பட்டதுதானே?

நிறைவாக, பள்ளிவாசலைப் பற்றி ஒரு சொல். மிஹ்ராபையும் மிம்பரையும் மின்விசிறிகளையும் துடைக்கும் பொறுப்பைப் பல ஊர்களில் முதியவர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் கையிலிருக்கும் துணி எப்படிப்பட்டது என்று கூட நாம் பார்ப்பதில்லை. மஸ்ஜிதுந் நபவியைக் கூட்டி வந்த கறுப்பு நிறப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். அவர் இறந்தபோது, இது சிறு செய்தி என்று கருதிய தோழர்கள் நபி (ஸல்) அவர்களிடம் சொல்லவில்லை. பின்னர் அவரைக் காணாமல் விசாரித்த நபியவர்கள், அடக்கத்தலத்தைக் காட்டச் சொல்லி, அங்கு சென்று அவருக்காகத் தொழுதார்கள். கஅபாவைத் தூய்மைப்படுத்தும் பணி இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகிய இரு நபிமார்களுக்கு இடப்பட்ட கட்டளை. அத்தகைய பணியைச் செய்பவரின் கைக்கு நல்ல துணிகள் சிலவற்றை வாங்கிக் கொடுப்பதும், வாரம் ஒருமுறை அவற்றை நம் வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்துத் தருவதும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய சுமையல்ல. ரமளானுக்கு முந்தைய துப்புரவுக்கு மட்டுமின்றி, ஆண்டு முழுவதும் முறைவைத்து இதைச் செய்யலாம்.

நம் இல்லங்களையும் இறையில்லங்களையும், அவற்றைத் துடைக்கும் கரங்களோடு சேர்த்து, அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.