காதுக்கும் ஒரு பரீட்சை



எங்க எஸ்டேட் லைனில் இப்போது ஜப்பான் மொழி கேட்கிறது! என் அக்கா கோவையில் நர்சிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தாலும் நோட்டும் பேனாவுமாகத்தான் இருப்பாள். எல்லாம் ஜே.எல்.பி.டி. என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்காக.

இந்தத் தேர்வு 1984-இல் தொடங்கியது. 2010 முதல் இதில் ஐந்து நிலைகள். என்5 எளியது, என்1 கடினமானது. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கும். சென்னையில் மையம் உண்டு. ஜப்பானில் முதியோரைப் பராமரிப்பது போன்ற வேலைகளுக்குப் போக என்4 ஒரு மொழித் தகுதி. அதற்கு முதல் படிதான் என்5.

"தமிழ் மீடியம் புள்ளைக்கு இங்கிலீஷே தடுமாறுது, ஜப்பான் பாஷை எதுக்குக் கண்ணு?" என்று அம்மா கேட்டாங்க. அக்கா ஒரு வாக்கியம் சொன்னாள்: 'வதாஷி வா ஓச்சா ஓ நோமிமஸ்'. வதாஷி என்றால் நான். ஓச்சா என்றால் டீ. நோமிமஸ் என்றால் குடிக்கிறேன். அதாவது, நான் டீயைக் குடிக்கிறேன்! நம்ம இரண்டாம் வேற்றுமை உருபு 'ஐ' மாதிரியே அந்த 'ஓ' பெயருக்குப் பின்னால் வருகிறது. வினைச்சொல் கடைசியில் நிற்கிறது. அதோடு 'கா' சேர்த்தால் கேள்வி, நம்ம 'குடிக்கிறீங்களா' போல. இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்றே சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் எழுதினார். அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இந்த வாக்கிய அமைப்பு அந்நியமாக இல்லை.

எழுத்துதான் கஷ்டம். ஹிரகானா 46, கதகானா 46, அதற்கு மேல் சீனாவிலிருந்து வந்த கான்ஜி. "கஞ்சியா? அதை நான் தெனமும் காய்ச்சறனே!" என்றார் பாட்டி. வீடே சிரித்தது.

என்5-க்கு மொத்தம் 180 மதிப்பெண். 80 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் சொல், இலக்கணம், வாசிப்பு சேர்ந்த பகுதியில் 120-க்கு 38, கேட்டல் பகுதியில் 60-க்கு 19 கட்டாயம் வேண்டும். போன ஜூலையில் அக்கா மொத்தம் 96 எடுத்தாள். கேட்டலில் 17. தேறவில்லை.

அன்று அவள் சாப்பிடவில்லை. கட்டிய பணமும் சென்னை போய்வந்த செலவும் அம்மா கொழுந்து பறித்த கூலி. பேச்சை ஒரே தடவைதான் ஓடவிடுவார்கள்; திரும்பக் கேட்க முடியாது. எங்க லைனிலோ மழை வந்தால் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அவள் புத்தகத்தைத்தான் படிக்க முடிந்தது.

மறுநாள் அக்காவே சொன்னாள்: "எனக்கு மூளை இல்லைன்னு அந்த 17 சொல்லலை. காதுக்குப் பழக்கம் இல்லைன்னுதான் சொல்லுது." இப்போது வால்பாறை பஸ் ஸ்டாண்டில் சிக்னல் கிடைக்கும்போது பாடங்களை போனில் இறக்கிக்கொள்கிறாள். 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் இரண்டு பாடம் கேட்டுவிடுகிறாள். டிசம்பரில் மறுபடி எழுதப் போகிறாள்.

தோழர்களே, நாமும் இங்கிலீஷைப் படிக்கிறோம், எழுதுகிறோம். காதால் எவ்வளவு கேட்கிறோம்? தினமும் பிரேயரில் ஐந்து நிமிடம் ஒருவர் இங்கிலீஷில் ஒரு கதை வாசிக்கட்டும். மற்றவர்கள் புத்தகம் பார்க்காமல் கேட்டுப் பதில் சொல்லலாம். ஆசிரியர்கள் அனுமதித்தால் முதல் வாரம் வாசிக்க நான் தயார்.

இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு மாணவி