சர்ச்சில் சுருட்டும் அம்மிச்சி போட்டோவும்

ஒருத்தர் மொகத்தைப் படம் புடிக்கறது சுலபமுங்க. அந்த ஆளைப் படத்துக்குள்ள கொண்டு வர்றதுதான் கஷ்டம்.

இதுக்கு எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. 1941 டிசம்பர் 30, கனடா நாடாளுமன்றத்துல பேசி முடிச்சுட்டு வர்றார் சர்ச்சில். படமெடுக்கக் காத்திருந்தவர் யூசுப் கார்ஷ். சர்ச்சில் வாயில இருந்த சுருட்டைக் கீழ வைக்கற மாதிரி தெரியல. கார்ஷ் பக்கத்துல போய், மன்னிப்புக் கேட்டுட்டே சுருட்டைப் புடுங்கிட்டார்! பெருசுக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம்... அந்த நொடியில கிளிக்.

ஹிட்லரை எதிர்த்து நின்ன இங்கிலாந்தோட மொகமே இதுதான்னு உலகம் கொண்டாடிருச்சு. 2016ல வந்த அஞ்சு பவுண்டு நோட்டுலயும் அந்தப் படந்தான். அன்னிக்கே சர்ச்சில் சிரிக்கற மாதிரி இன்னொரு படமும் எடுத்தார் கார்ஷ். அது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆக, எது ஒருத்தரோட குணம்னு முடிவு பண்றது கேமராக்காரர் பாதி, பாக்கறவங்க பாதி.

இன்னொரு வழியும் இருக்குங்க. புதுவை இளவேனில் எடுத்த கி.ரா. படங்களைப் பாருங்க. 2021 மே மாசம் காலமாகிற வரைக்கும் கி.ரா. இருந்ததும் அதே புதுச்சேரியிலதான். வருஷக்கணக்கான பழக்கம். அதனால அந்தப் படங்கள்ல கி.ரா. கேமராவுக்காக உக்காந்த மாதிரியே இருக்காது. நம்மகிட்ட ஏதோ பேச வர்ற மாதிரி இருக்கும்.

அவிநாசியில எங்க அம்மிச்சிக்கு இந்த ரெண்டு வழியும் வாய்க்கல. அவங்களைத் தனியா எடுத்த ஒரே படம் வாக்காளர் அட்டைல இருக்கறது. பள்ளிக்கூடத்துல வரிசையா நிக்க வெச்சு, ஆளுக்கு அரை நிமிஷத்துல எடுத்தது. அவங்க போனப்புறம் அதையே பெருசு பண்ணி, பின்னாடி நீலக் கலர் அடிச்சு, பட்டுச்சேலையும் ஒட்டிக் குடுத்தாங்க ஸ்டூடியோவுல. இன்னிக்கும் சுவத்துல மாலையோட தொங்குது.

எம்பொண்ணு ஒரு நாள் கேட்டா: "ஏப்பா, இவங்க ரொம்பப் பயந்தவங்களா?"

அம்மிச்சியா பயந்தவங்க! நடுராத்திரி கரண்டு வந்தா தனியாப் போய் காட்டுக்குத் தண்ணி கட்டிட்டு வர்றவங்க. கோழி வெலை பேசறப்ப ஒத்தைப் புருவம் மட்டும் மேல ஏறும், வாங்க வந்தவன் அதுலயே இறங்கிருவான். அந்தப் புருவம் எந்தப் படத்துலயும் இல்ல. பாத்த எங்க தலைமுறை போனா அதுவும் போச்சு.

இப்ப எல்லார் கையிலயும் கேமரா இருக்கு. ஊட்டுப் பெருசுகளை "இங்க பாருங்க, சிரிங்க"ன்னு நிறுத்தி வெக்காதீங்க. பக்கத்துல உக்காந்து, பழமை பேசிக்கிட்டே எடுங்க. வாயில வெத்தலை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், புடுங்காதீங்க.