நடுநிலை

2022இல், முதுகலை ஆய்வுக்காக ஒரு கட்டுப் படிவங்களோடு திருப்பூர் புஷ்பா தியேட்டர் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பனியன் கம்பெனிப் பெண்கள் மின்சார ஸ்கூட்டரை எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். ‘முற்றிலும் மறுக்கிறேன்’ ஒரு முனை, ‘முற்றிலும் ஏற்கிறேன்’ மறு முனை, நடுவில் ‘நடுநிலை’.

அந்தக் கேள்விகள் என்னுடையவை அல்ல. புதிய கருவி ஒன்று தனக்குப் பயன்படும், கையாளச் சுலபம் என்று ஒருவர் நினைத்தால் அதை ஏற்பார் என்று 1989இல் பிரெட் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். அலுவலகக் கணினிகளுக்காகப் பிறந்த அளவுகோல் அது. பிறகு வண்டிகளையும் அதைக்கொண்டே அளந்தார்கள்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து, ஓவர்லாக் தைக்கும் ஓர் அக்கா பெருமாநல்லூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்.

“இந்த வண்டி உங்களுக்குப் பயன்படுமாக்கா?”

“பின்ன? நேரத்துல ஊட்டுக்குப் போயிருவனே கண்ணு.”

“ஓட்டச் சுலபமா இருக்குமா?”

“ஓவர்லாக் மெஷினே ஓட்டறேன். இத ஓட்ட மாட்டனா?”

இரண்டுக்கும் ஐந்து. வாங்குவீர்களா என்றதும் சிரித்தார்.

“இப்ப இருக்கற வண்டியே எம்பேர்லதான் கண்ணு. மானியத்துல வாங்குனது. சாவி ஊட்டுக்காரருகிட்ட. புதுசு வந்தாலும் அவருதான ஓட்டுவாரு.”

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தை 2018 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கியது. அதற்காகவே எல்.எல்.ஆர். எடுத்தாராம். அதோடு சரி. பஸ் வந்தது, ஏறிவிட்டார். ‘சொந்த வாகனம்’ என்ற இடத்தில் ‘உண்டு’ என்று எழுதினேன். ‘வாங்குவீர்களா’ என்பதற்கு அவருடைய பதிலைப் போட இடமில்லை. ‘நடுநிலை’யில் டிக் அடித்தேன்.

அவர் ஏறிய நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நடத்துநர் கிழித்துத் தரும் கட்டணமில்லாச் சீட்டும் ஓர் அளவுதான். ஒரு பெண் உண்மையிலேயே ஏறிப் போனாள் என்று அது சொல்கிறது. வண்டியின் பதிவுப் புத்தகமோ, வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது.

அவரைச் சொல்கிறேனே, என் கதை என்ன? கல்லூரிக்குப் போக எனக்கும் ஸ்கூட்டர் இருந்தது. “ஆறு மணிக்குள்ள வந்துரு சாமி” என்பார் அப்பா. அன்று இரவு என்னை அழைத்துப் போக அண்ணன் எதிர்ச்சாரியில் காத்திருந்தான், என் வண்டியில்.

அறிக்கையின் முடிவில், ‘பெண்களிடம் தயக்கம் அதிகம்; விழிப்புணர்வு தேவை’ என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்ற கதையைப் பின்னால்தான் படித்தேன். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. விவசாயக் கூலிகளும் கல்குவாரியில் வேலை செய்தவர்களும் கூட்டம் கூட்டமாகப் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலி வராமல் இல்லை. ஆனால் கேலி செய்பவர்கள் முன்னால் யாரும் தனியாக நிற்க வேண்டியிருக்கவில்லை. நான் ஒவ்வொரு பெண்ணையும் தனியாக நிறுத்தி, அவள் மனதில் தயக்கத்தைத் தேடினேன். அவள் வீட்டு ஆணியில் தொங்கும் சாவியைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்று படிவம் தயாரித்தால் மூன்று கேள்விகள் போதும். சாவி யாரிடம் இருக்கிறது? உங்கள் சொந்த வேலைக்காகக் கடைசியாக எப்போது வண்டி எடுத்தீர்கள்? எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்?

முதல் படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும்.