கோடிக்கரையில் இரண்டு நாட்கள்

தொல்காப்பியர் காட்டை மாயோனுக்கும் கடற்கரையை வருணனுக்கும் பகுத்துக் கொடுத்தார். கோடிக்கரையில் அந்தப் பங்கீடு அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை. வங்கக் கடல் பாக் நீரிணையை நோக்கித் திரும்பும் முனையில், பாலை மரங்கள் செறிந்த காடு கரையை ஒட்டியே நிற்கிறது. மானின் குளம்படியும் நண்டின் தடமும் ஒரே மணலில் கிடக்கும். திணைமயக்கத்தை மாணவர்க்கு விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இங்குள்ள குழகர் கோயிலைச் சுந்தரர் பாடியிருக்கிறார். ஆளரவமற்ற கரையில் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு மனம் பொறாமல் பாடிய பதிகம் அது. மணமான மறுவருடம் நானும் மனைவியும் அச்சந்நிதியில் நின்று அதைப் படித்தோம். அன்று அது எங்களுக்கு நல்லதொரு பாட்டு, அவ்வளவுதான். அதன்பின் பதினோராண்டுகள் நாங்கள் இருவராகவே இருந்தோம். பதிகத்தின் துயரம் மெல்ல மெல்லப் புரிந்தது.

மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். 23 நாட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும், மனைவி ஒவ்வோர் இரவும் குழந்தையின் மார்பில் விரல்களை வைத்தபடியே உறங்கினாள். பத்து மாதம் நிறைந்தபோது, இனி எங்கும் அழைத்துச் செல்லலாம் என்றார் மருத்துவர். அம்மாவுக்குச் சம்மதமில்லை. "கடக்காத்து பச்சப் புள்ளைக்கு ஆவாதுடா தம்பி" என்றார். நான் தயங்கினேன். முடிவெடுத்தவள் மனைவிதான். "போவோங்க. எத்தன நாளைக்குத்தான் சன்னலச் சாத்தியே வச்சிருக்கிறது?"

தை மாதத்தின் ஒரு சனிக்கிழமை திருவாரூரிலிருந்து புறப்பட்டோம். மூவருக்கான துணிகள் ஒரு பையில் அடங்கின; குழந்தைக்கான மற்றவை மூன்று பைகளை நிறைத்தன. வேதாரண்யத்தில் அறை எடுத்துத் தங்கி, மறுநாள் விடியலில் கோடிக்கரைக்குக் கிளம்பினோம். 1930இல் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்த அகத்தியம்பள்ளியருகே அவள் பசித்து அழுதாள். வண்டியை நிறுத்தி மனைவி பால் கொடுக்க, நான் உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோடிக்கரை 1967இல் சரணாலயமானது. 2018 நவம்பரில் கஜா புயல் இப்பகுதியின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் பக்கத்திலிருந்து புதுத் துளிர்கள் நிமிர்ந்திருந்தன. புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன. முறுக்கிய கொம்புடைய கலைமான் ஒன்று தலைதூக்கி எங்களைப் பார்த்தது. ஈன்ற பிணை முதற்சில நாட்கள் குட்டியைப் புல்லுக்குள் மறைத்து வைக்கும் என்றும், கால் உறுதிப்பட்ட பின்பே அது கூட்டத்தோடு சேரும் என்றும் வனக்காவலர் சொன்னார். மனைவி அவரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டாள். மகளோ மான்களைப் பார்க்கவில்லை. காவலரின் சட்டைப் பொத்தானிலேயே அவள் கண் இருந்தது.

ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில், தாய்க்கும் தந்தைக்கும் நடுவே மகன் கிடப்பதை மான்குட்டியோடு ஒப்பிடும் பேயனாரின் பாட்டு ஒன்றுண்டு. அந்தப் பதினோராண்டுகளும் வகுப்பில் அதற்குச் சொற்பொருள் மட்டும் கூறி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவேன். எந்த மாணவரும் காரணம் கேட்டதில்லை.

கடற்கரையில் காற்று பலமாக வீசியது. தோளிலிருந்த மகளை அலைப்பக்கம் திருப்பியதும் காற்று அவள் முகத்தில் நேராக அறைந்தது. அவளுக்கு மூச்சு நின்றது. வாய் திறந்திருந்தது, ஓசை வரவில்லை. மனைவியின் கை என் முழங்கையை இறுகப் பற்றியது. நான்கைந்து நொடிகள் இருக்கலாம். பிறகு அவள் மூச்சை இழுத்தாள், தும்மினாள், காற்றைப் பார்த்துக் கத்தினாள். அழுகை அன்று, அதட்டல். காற்று மறுபடி வீச, மறுபடியும் அதட்டினாள். மனைவி சிரிக்கத் தொடங்கி, அழுது, பின் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிரவு அறையில் மகள் எங்கள் நடுவே கிடந்தாள். காது மடலின் பின்னே உப்பு ஒட்டியிருந்தது. மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி, இரு கைகளையும் தன் கன்னத்தின் கீழ் வைத்து அயர்ந்து உறங்கினாள். நான் எழுந்து சன்னலைத் திறந்து வைத்தேன்.