'அது' என்று சொல்லாதீர்கள்



படம் என்றால் நம் வீடுகளில் பாட்டும் சிரிப்பும் சண்டையும் வேண்டும். இன்று நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட படமன்று. 1999-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'பாய்ஸ் டோன்ட் க்ரை' என்ற ஆங்கிலப் படம். 'ஆண்பிள்ளைகள் அழமாட்டார்கள்' என்பது அதன் பொருள். கோலாலம்பூரில் படிக்கும் என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தபோது கணினியில் போட்டுக் காட்டினாள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கதல்ல. கொடுமையான காட்சிகள் உண்டு. ஆனாலும் பெற்றோர் இந்தக் கதையை அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இது நடந்த கதை.

நெப்ராஸ்கா மாநிலத்தில் 1972-இல் பிறந்தவர் பிராண்டன் டீனா. பெண் குழந்தை என்று பதிவு செய்யப்பட்டவர். ஆனால் தம்மை ஆணாகவே உணர்ந்தார். ஆணாகவே உடுத்தி வாழ்ந்தார். இப்படிப்பட்டவர்களை இந்நாளில் திருநம்பி என்று மரியாதையாகச் சொல்கிறோம். 1993-ஆம் ஆண்டின் கடைசியில் ஃபால்ஸ் சிட்டி என்ற சிற்றூருக்குப் போனார். நண்பர்கள் கிடைத்தார்கள்; ஒரு பெண்ணின் அன்பும் கிடைத்தது.

காசோலை மோசடி வழக்கு ஒன்றில் அவர் கைதானதும், உள்ளூர்ப் பத்திரிகை வழியாக அவருடைய பிறப்பு விவரம் ஊருக்கே தெரிந்துவிட்டது. நண்பர்களாகப் பழகிய இரண்டு ஆண்கள், கிறிஸ்துமஸ் சமயத்தில் அவரை அடித்துப் பாலியல் கொடுமை செய்தார்கள். வெளியே சொன்னால் கொன்றுவிடுவதாக மிரட்டினார்கள். பிராண்டன் துணிந்து புகார் கொடுத்தார். மாவட்டக் காவல் தலைவரோ, அவர் உடம்பைப் பற்றியே கூசும்படி கேள்வி கேட்டார். அந்த இருவரையும் கைது செய்யவில்லை. டிசம்பர் 31 அன்று, ஹம்போல்ட் அருகே ஒரு பண்ணை வீட்டில் பிராண்டனைத் தேடிப்பிடித்துக் கொன்றார்கள். வயது 21. அங்கிருந்த லிசா லாம்பர்ட், பிலிப் டிவைன் ஆகிய இருவரையும் சேர்த்தே கொன்றார்கள்.

கிம்பர்லி பியர்ஸ் இயக்கிய படம் இது. பிராண்டனாக நடித்த ஹிலாரி ஸ்வாங்க் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசு பெற்றார். அழுகையை மட்டும் காட்டாமல் பிராண்டனின் மகிழ்ச்சியையும் காட்டியதுதான் படத்தின் சிறப்பு. ஒரு குறையும் உண்டு. பிலிப் டிவைன் கறுப்பின இளைஞர். அவரைப் படத்தில் அடியோடு விட்டுவிட்டார்கள். ஒருவருக்கு நீதி கேட்கும் கதையில் இன்னொருவர் மறைக்கப்பட்டது எனக்கு வருத்தமே.

படத்தில் இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பிராண்டனின் தாயார் மாவட்ட நிர்வாகத்தின்மீது வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் நட்ட ஈட்டைக் கணக்கிடும்போது, இறந்துபோன பிராண்டன் மீதும் நூற்றுக்கு ஒரு பங்கு தவறு உண்டென்று கழித்தது! 2001-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. புகார் கொடுத்தவரைக் காப்பது மாவட்டத்தின் கடமை என்றும், காவல் தலைவர் நடந்துகொண்ட விதம் வரம்பு மீறியது என்றும் தீர்ப்புச் சொன்னது. அந்த அதிகாரி பிராண்டனைப் பற்றிப் பேசும்போது 'அது' என்று குறிப்பிட்டார் என்பதும் வழக்கில் வெளிவந்தது.

நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். அந்த 'அது' என் மனத்தில் முள்ளாய்க் குத்தியது. மனிதரை உயர்திணை என்றும், ஆடு மாடு கல் மண்ணை அஃறிணை என்றும் வகுப்பில் படிப்பிக்கிறோம். மனிதரை 'அது' என்றால் அவரைக் கல் மண்ணோடு சேர்த்துவிட்டோம் என்று பொருள். கல்லை உதைத்தால் யார் கேட்பார்கள்? தொல்காப்பியர் அப்படிச் செய்யவில்லை. ஆண்மை திரிந்தோர் பெயரைத் தெய்வப் பெயரோடு ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டுமே உயர்திணை முடிபு பெறும் என்றார். நம் முன்னோர் கொடுத்த அந்த மரியாதையை நாம் ஏன் பறிக்க வேண்டும்?

நம் லயங்களில் நடப்பதை நீங்களே அறிவீர்கள். பையன் ஒருவன் கையை ஆட்டிப் பேசினால் போதும்; ஓர் எண்ணைச் சொல்லிக் கேலி செய்வார்கள். சென்ற ஆண்டு அப்படி ஒரு மாணவனை, பந்துத் திடலில் பெரிய பையன்கள் அடித்துச் சட்டையைக் கிழித்தார்கள். அவன் தந்தை என்னிடம் வந்து, "இவன் ஒழுங்கா நடந்தா எவன் சார் கை வைப்பான்? நீங்களும் ரெண்டு போடுங்க," என்றார். அவர் கெட்டவரல்ல; பயந்தவர். "அண்ணே, அடித்தவன் வேறே, அடிபட்டவன் வேறே. அடிபட்டவன் கணக்கில் ஏன் எழுதுறீங்க?" என்று கேட்டேன். அடித்த பையன்களின் பெற்றோரை அழைத்துப் பேசினோம். தந்தை மனம் முழுவதும் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மறுநாள் முதல் மகனைத் தாமே மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுகிறார்.

அந்த நூற்றுக்கு ஒரு பங்கு, அமெரிக்க நீதிமன்றத்தில் மட்டும் போடப்படும் கணக்கன்று. "இவன் ஏன் அப்படி நடக்கிறான்?" என்று நாம் கேட்கும்போதெல்லாம் அதே கணக்கைத்தான் போடுகிறோம்.

தாய்மார்களே, தந்தைமார்களே! அந்தப் பிள்ளை வளர்ந்து யாராக ஆவான் என்பது உங்களுக்கும் தெரியாது; எனக்கும் தெரியாது. அவன் அடிபட்டு வந்தால், "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காதீர்கள். "யார் அடித்தது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் வீடு இருந்தால், பிள்ளை வெளியே ஓட வேண்டியதில்லை.